கம்யூனிட்டி டைட்டில் வீடு: வாங்குமுன் ‘லாட் 1’ஐப் பாருங்கள்

சிட்னியில், பரமட்டாவுக்கு மேற்கே, 9 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட 24 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் வீடு வாங்கப் பேசிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு மூன்று ஐயங்கள் இருக்கின்றன. “இது ஸ்ட்ராட்டா இல்லை, கம்யூனிட்டி டைட்டில்” என்று ஏஜென்ட் சொல்வதன் பொருள் என்ன என்பது முதலாவது. காலாண்டுக்கு 210 டாலர் மட்டுமே லெவி (பொதுப் பராமரிப்புக் கட்டணம்) என்பது நல்ல செய்திதானே என்பது இரண்டாவது. உள்ளே இருக்கும் சாலையைப் பின்னாளில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) எடுத்துக்கொள்ளுமா என்பது மூன்றாவது. இதே வகையான ஒரு அசோசியேஷனில், அதாவது வீட்டுக்காரர்களின் சங்கத்தில், 6 ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல உங்கள் கன்வேயன்சர் (சொத்து மாற்றத்தின் சட்ட வேலைகளைப் பார்ப்பவர்) இருக்கிறார். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

நியூ சவுத் வேல்ஸில் தனி வீட்டுக்கு வழக்கமாக இருப்பது டாரன்ஸ் டைட்டில். வேலிக்குள் இருப்பது உங்களுடையது, வேலிக்கு வெளியே இருக்கும் சாலையும் வடிகாலும் கவுன்சிலுடையவை என்பதோடு அந்தக் கதை முடிந்துவிடும். அடுக்குமாடி வீடுகளுக்காக 1961இல் ஸ்ட்ராட்டா சட்டம் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருந்தது: வீடுகள் தனித்தனி நிலத்தில் நிற்க வேண்டும், ஆனால் சாலை, பூங்கா, நீச்சல் குளம், வடிகால் ஆகியவை அங்கே வாழ்பவர்களுக்குப் பொதுவாக இருக்க வேண்டும் என்றால் அதற்கு ஏற்ற சட்டம் இல்லை. அதை நிரப்பவே 1989இல் சமூக நில மேம்பாட்டுச் சட்டம், சமூக நில மேலாண்மைச் சட்டம் என்ற இரட்டைச் சட்டங்கள் இயற்றப்பட்டு 1990 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் இடத்தில் 2021ஆம் ஆண்டின் புதிய சட்டங்கள் அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆகவே 2021க்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளை யாராவது அனுப்பினால், அவற்றில் உள்ள பிரிவு எண்களை நம்பிவிடாதீர்கள்.

ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. ஸ்ட்ராட்டாவில் உங்கள் உரிமை பெரும்பாலும் சுவர்களுக்கு இடைப்பட்ட வெளியோடு நின்றுவிடும்; கூரையும் வெளிச்சுவரும் பொதுச் சொத்து. கம்யூனிட்டி டைட்டிலில் நிலம், வீடு, கூரை, வேலி எல்லாமே உங்களுடையவை. எனவே வீட்டுக் காப்பீட்டை நீங்களே எடுக்க வேண்டும், கூரை ஒழுகினால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். (அசோசியேஷன் எடுத்திருக்கும் காப்பீடு தன் வீட்டையும் காக்கும் என்று நினைத்து நான்கு ஆண்டுகள் காப்பீடே இல்லாமல் இருந்த ஒரு அண்டைவீட்டுக்காரரை எனக்குத் தெரியும்.) ஆனால் ஏஜென்ட் சொல்லாமல் விட்ட பாதிதான் முக்கியமானது. இந்தத் திட்டங்களின் வரைபடத்தில் லாட் 1 என்று குறிக்கப்படுவது யாருடைய வீடும் அல்ல. அது அசோசியேஷனின் சொத்து. உள்சாலை, அதன் விளக்குகள், நடைபாதை மரங்கள், விருந்தினர் வண்டி நிறுத்துமிடம், நுழைவாயில், மண்ணுக்குக் கீழே உள்ள தொட்டி எல்லாம் அதற்குள் அடங்கும். உங்கள் வீட்டு எண் லாட் 17 என்றால், நீங்கள் லாட் 17ஐ வாங்கும்போதே லாட் 1இன் பராமரிப்பில் ஒரு பங்கையும் சேர்த்து வாங்குகிறீர்கள். அந்தப் பங்கைத் தனியே விற்கவோ வேண்டாம் என்று விலகவோ வழியில்லை. வீட்டை ஆய்வு செய்யக் கட்டட ஆய்வாளரை அமர்த்தும் பலர் லாட் 1ஐ ஒருமுறை நடந்துகூடப் பார்ப்பதில்லை.

இன்னொரு நுணுக்கம் உண்டு. கம்யூனிட்டி டைட்டில் என்பது பேச்சுவழக்கில் ஒரு பொதுப்பெயர். சட்டத்தில் அடுக்குகள் இருக்கின்றன: மேலே கம்யூனிட்டி அசோசியேஷன், தேவைப்பட்டால் அதன் கீழே பிரிசிங்க்ட் அசோசியேஷன், அதற்கும் கீழே நெய்பர்ஹுட் அசோசியேஷன் அல்லது ஸ்ட்ராட்டா. பழைய எரிவாயு ஆலை நிலத்தில் எழுந்த பிரேக்ஃபாஸ்ட் பாயிண்ட், பிர்மான்ட்டில் சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் வந்த ஜாக்சன்ஸ் லேண்டிங் போன்ற பெரிய குடியிருப்புகளில் இந்த அடுக்குமுறையைக் காணலாம். அங்கே ஒரு குடும்பம் தன் கட்டடத்துக்கு ஒரு லெவி, அந்தக் கட்டடத்தின் வழியாக மேலே உள்ள அசோசியேஷனுக்கு இன்னொரு லெவி என்று இரண்டையும் சுமக்கிறது. மேல் அசோசியேஷனின் கூட்டத்தில் அந்தக் குடும்பம் நேரடியாக வாக்களிப்பதில்லை, அதன் கட்டடத்தின் சார்பில் ஒரு பிரதிநிதிதான் வாக்களிப்பார். 24 வீடுகள் மட்டுமே கொண்ட உங்கள் குடியிருப்பு அநேகமாகத் தனித்து நிற்கும் நெய்பர்ஹுட் திட்டமாக இருக்கும். அப்படியானால் ஒரே அடுக்கு, ஒரே லெவி. ஆனாலும் அதை ஊகமாக விட்டுவிடாமல், மேலே வேறு அசோசியேஷன் ஏதும் உண்டா என்று வரைபடத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் மனை வாங்கிப் பழகியவர் என்று எழுதியிருப்பதால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அங்கே மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் பெறும்போதே சாலைகளையும், பெரிய மனைப்பிரிவுகளில் பொது வெளியிடமாக ஒதுக்கப்படும் 10 சதவீத நிலத்தையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பராமரிப்பு நன்றாக நடக்கிறதோ இல்லையோ, சாலை யாருடையது என்ற கேள்விக்கு அங்கே விடை தெளிவு. இங்கே கம்யூனிட்டி டைட்டிலில் அந்தத் தானம் நடப்பதில்லை. கவுன்சில் கேட்கும் அகலத்தைவிடக் குறுகலாகச் சாலை போட்டால் மேம்பாட்டாளருக்குக் கூடுதலாக ஒன்றிரண்டு மனைகள் கிடைக்கின்றன. பராமரிக்க வேண்டிய சாலையும் வடிகாலும் தன் கணக்கில் சேராததால் கவுன்சிலுக்கும் நிம்மதி. இருவருக்கும் மிச்சமாகும் செலவு வீட்டுக்காரர்களின் லெவியில் வந்து உட்காருகிறது, அதற்காகக் கவுன்சில் வரியும் குறைவதில்லை. இது அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் அந்தக் குறுகிய சாலை இல்லாவிட்டால் அந்த விலைக்கு அந்த வீடே கிடைத்திருக்காது. ஆனால் விலையில் ஒரு பகுதியைத் தவணையாக ஆண்டாண்டுக்கும் கட்டப்போகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

லாட் 1இல் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாததே பெரிது. மேல் பரமட்டா ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 1986இலும் 1988இலும் வந்த வெள்ளங்களுக்குப் பிறகு அதற்கென ஒரு அறக்கட்டளை அமைக்கப்பட்டு, 1991இல் புதுக் கட்டுமானங்களுக்கு ஒரு விதி வந்தது: மனையில் விழும் மழையை உடனே ஓடைக்கு அனுப்பாமல் அங்கேயே தேக்கி, அளவோடு விட வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு வினாடிக்கு 80 லிட்டருக்கு மேல் வெளியேறக் கூடாது, 470 கன மீட்டர் தேக்க இடம் வேண்டும் என்பது அப்போது வகுக்கப்பட்ட அளவு. பிற்காலத்தில் கணக்கிடும் முறை மாறினாலும் அடிப்படை மாறவில்லை. அரை ஹெக்டேரில் அமைந்த ஒரு குடியிருப்புக்கு அந்த அளவில் 235 கன மீட்டர், அதாவது 2,35,000 லிட்டர் தேக்கம் வேண்டும். டூங்காபி, வென்ட்வர்த்வில் பக்கத்துக் குடியிருப்புகளில் சாலைக்கு அடியிலோ புல்தரைத் தாழ்விலோ இருக்கும் தேக்கத்தின் கதை இதுதான். அதன் வாயில் ஒரு வலைத்தட்டும், குறித்த அளவுக்கு மேல் நீர் போகாதபடி துளையிட்ட ஒரு எஃகுத் தகடும் இருக்கும்.

எங்கள் குடியிருப்பில் அந்த வலைத்தட்டை முதல் 5 ஆண்டுகள் யாரும் திறக்கவே இல்லை. தோட்ட வேலைக்கு வருபவர் அது வடிகால்காரர் வேலை என்று நினைத்தார். வடிகாலுக்கென்று யாரையும் நாங்கள் அமர்த்தியிருக்கவில்லை. ஒரு பிப்ரவரி மழையில் இலையும் பிளாஸ்டிக்கும் அடைத்து, தொட்டி நிரம்பி, தாழ்வான மூலையில் இருந்த இரண்டு கராஜ்களுக்குள் நீர் புகுந்தது. அவசரத்துக்கு வரவழைத்த வண்டிக்குக் கொடுத்த பணத்தில் 10 ஆண்டுகள் ஒழுங்காகச் சுத்தம் செய்திருக்கலாம். அதன் பிறகே பழைய ஆவணங்களைப் புரட்டி, அந்தத் தொட்டியைப் பராமரிக்கும் கடமை லாட் 1இன் பத்திரத்திலேயே பதிவாகியிருப்பதைக் கண்டோம். பாசிட்டிவ் கவனன்ட் என்பார்கள்: 1919ஆம் ஆண்டின் கன்வேயன்சிங் சட்டப்படி நிலத்தின் மீது எழுதப்படும் ஒரு கட்டாயக் கடமை. செய்யத் தவறினால் கவுன்சில் தானே செய்துவிட்டு அசோசியேஷனிடம் செலவைக் கேட்கலாம். உங்கள் 24 வீட்டுக் குடியிருப்பில் அந்தத் தொட்டி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால், அந்த அசோசியேஷன் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கு அப்போதே விளங்கிவிடும்.

இனி லெவி. நீங்கள் அனுப்பிய தாளின்படி 210 டாலரில் 185 டாலர் அன்றாடச் செலவுக்கான நிர்வாக நிதிக்கும் 25 டாலர் பெரிய பழுதுகளுக்கான மூலதனப் பணி நிதிக்கும் போகிறது. உங்கள் வீட்டின் யூனிட் என்டைட்டில்மென்ட், அதாவது திட்டத்தின் மொத்தப் பங்குகளில் உங்களுக்கு உரியது, 1,000இல் 45. இந்த 45 எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தகைய திட்டங்களில் பங்கு கணக்கிடப்படுவது வீட்டின் மதிப்பை வைத்து அல்ல, வெறும் நிலத்தின் மதிப்பை வைத்து. ஆகவே சிறிய மனையில் மூன்று மாடி எழுப்பியவரைவிட, மூலைமனையில் ஒரு மாடி வீடு வைத்திருப்பவர் அதிகம் கட்டக்கூடும். உங்களுடையது மூலைமனை என்பதால் சராசரியான 41 சொச்சத்தைவிடச் சற்றுக் கூடுதல். வாக்கெடுப்பில் பங்குகளை எண்ணும்போது உங்கள் கை சற்று ஓங்கியிருக்கும் என்பது ஒரு சிறிய ஆறுதல்.

இப்போது அந்த 25 டாலரைப் பாருங்கள். 45 பங்குக்குக் காலாண்டுக்கு 25 என்றால் 1,000 பங்குக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2,222 டாலர்; 20 ஆண்டுகளில் 44,000 டாலர் சேரும். உள்சாலையை மறுபடி தோண்டித் தார் போட 20ஆம் ஆண்டில் 2,40,000 டாலர் ஆகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதில் உங்கள் பங்கு 10,800 டாலர். அதை 20 ஆண்டுகளுக்குப் பரப்பினால் காலாண்டுக்கு 135 டாலர் சேர்த்து வந்திருக்க வேண்டும், அதுவும் சாலைக்கு மட்டும். விளக்குக் கம்பங்கள், நுழைவாயிலின் மின்சாரக் கதவு, தொட்டியின் பழுது எதுவும் இதில் வரவில்லை. 25 டாலருக்கும் 135 டாலருக்கும் இடையில் உள்ள பள்ளம் எங்கும் போய்விடாது. ஒரு நாள் சிறப்பு லெவி என்ற பெயரில், அந்த நாளில் யார் வீட்டுக்காரராக இருக்கிறாரோ அவர் தலையில் அது இறங்கும். முதல் 15 ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு விற்றுப் போனவர் சாலையைத் தேய்த்திருப்பார், பணம் கொடுத்திருக்கமாட்டார். அதனால்தான் குறைந்த லெவி நல்ல செய்தியா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: 9 ஆண்டுப் பழைய குடியிருப்பில் அது பெரும்பாலும் கெட்ட செய்தி.

இந்த நிலை எப்படி உருவாகிறது என்பதும் தெரிய வேண்டும். திட்டம் பதிவான நாளிலிருந்து, மேம்பாட்டாளர் அல்லாதவர்களின் கையில் மொத்தப் பங்கில் மூன்றில் ஒன்று சேரும் வரை தொடக்கக் காலம் என்று சட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் பெரும்பான்மை வாக்கு மேம்பாட்டாளர் கையில் இருப்பதால் அவர் செய்யக்கூடியவற்றுக்குச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. ஆனால் முதல் பட்ஜெட் அவர் மனப்படிதான் உருவாகும், அவருக்கோ வீடுகளை விற்க வேண்டும். விளம்பரத்தில் லெவி குறைவாகத் தெரிந்தால் விற்பது எளிது. பிறகு வரும் குழுவினர் அந்தத் தொகையையே இயல்பானதாக எண்ணி விலைவாசிக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். எங்கள் பொதுக்கூட்டத்தில் மூலதனப் பணி நிதிக்கான தொகையை மும்மடங்காக்க வேண்டும் என்று நான் சொன்ன இரவு, அதுவரை என் வீட்டுக்கு முறுக்கு கொடுத்தனுப்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா மறுநாள் முதல் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் ஆண்டில்தான் தீர்மானம் நிறைவேறியது.

10 ஆண்டு மூலதனப் பணித் திட்டம் ஒன்றை அசோசியேஷன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். விற்பவரின் ஒப்புதலோடு அசோசியேஷனின் பதிவேடுகளை நீங்களோ உங்களுக்காக ஒருவரோ பார்வையிடலாம். அதற்கென்றே ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், கட்டணமும் பெரிதல்ல. அந்த ஆய்வில் முதலில் இந்தத் திட்டத்தைக் கேளுங்கள். திட்டத்தில் எழுதியிருக்கும் தொகையும் உண்மையில் வசூலாகும் தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள், ஏனென்றால் அழகாக அச்சடித்த திட்டத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் பழைய தொகையையே வசூலிக்கும் குழுக்கள் நிறைய உண்டு. பிறகு கடந்த 5 ஆண்டுகளின் கூட்டக் குறிப்புகளைப் படியுங்கள். ஒரே புகார் ஆண்டுதோறும் ‘அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது’ என்று முடிந்திருந்தால் அதன் செலவு உங்களுக்காகக் காத்திருக்கிறது. லெவி பாக்கி எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்: 24 வீடுகளில் 4 வீடுகள் கட்டாமல் இருந்தால் ஆறில் ஒரு பங்கு வருவாய் வரவில்லை என்று பொருள். நீங்கள் வாங்கும் வீட்டின் பாக்கி உங்களைத் தொடர்ந்து வரும் என்பதால், விற்பனைக்கு முன் அசோசியேஷனிடமிருந்து பெறும் சான்றிதழைக் கன்வேயன்சர் எண் விடாமல் சரிபார்ப்பார். அசோசியேஷனின் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

படித்தே ஆக வேண்டிய இன்னொன்று மேனேஜ்மென்ட் ஸ்டேட்மென்ட். இது வரைபடத்தோடு பதிவாகும் ஆவணம். பைலாக்கள் (குடியிருப்பின் உள்விதிகள்) எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன. வீட்டின் வெளி நிறம், வேலியின் உயரம், முன்புறத்தில் துணி உலர்த்துவது, கேரவனை எங்கே நிறுத்துவது என்று தனி வீட்டுக்காரர் கனவிலும் நினைக்காதவற்றை இது கட்டுப்படுத்தலாம். மாடியில் இன்னொரு அறை எழுப்பும் எண்ணம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கவுன்சில் அனுமதி கிடைத்தாலும் அசோசியேஷனின் கட்டட வடிவ விதிகள் தனியாக நிற்கும், இரண்டும் வேண்டும். இனம், சமயம், பொருளாதார நிலை ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு ஒரு குடியிருப்புக்குத் தனித்தன்மை வகுக்கும் பைலாவைச் சட்டம் அனுமதிப்பதில்லை. நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு வளாகம் என்று அவ்வப்போது திட்டம் தீட்டும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பைலாவை மாற்றச் சிறப்புத் தீர்மானம் தேவை. எதிர்வாக்கு கால்பங்கைத் தாண்டினால் அது விழுந்துவிடும். எனவே பிடிக்காத பைலாவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் வாங்காதீர்கள்.

உள்சாலையைப் பற்றிய பகுதியும் அதே ஆவணத்தில் இருக்கும். ஓபன் அக்சஸ்வே என்றால் பொதுமக்கள் அனைவருக்கும் அதில் போய்வர உரிமை உண்டு. பிரைவேட் அக்சஸ்வே என்றால் குடியிருப்போருக்கும் அவர்களிடம் வருவோருக்கும் மட்டும். எதுவாக இருந்தாலும் பராமரிப்பு அசோசியேஷனுடையது. நிரம்பினால் 20 டன்னைத் தாண்டும் குப்பை வண்டி உங்கள் செங்கல் பாவிய சாலையில் வாரந்தோறும் திரும்புகிறதா, அல்லது குப்பைத் தொட்டிகளை வெளிச்சாலை வரை நீங்களே இழுத்துச்செல்ல வேண்டுமா என்று ஒரு வியாழனோ வெள்ளியோ குப்பை நாளில் போய்ப் பாருங்கள். வண்டி உள்ளே வந்தால் சாலை சீக்கிரம் தேயும். வராவிட்டால் 24 வீடுகளின் தொட்டிகள் நுழைவாயிலில் வரிசை கட்டும். உள்ளே தாறுமாறாக வண்டி நிறுத்துபவருக்குக் கவுன்சில் ஊழியர் வந்து அபராதச் சீட்டுக் கொடுப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். பைலாவின்படி அறிவிப்பு அனுப்பி, சமரசப் பேச்சுக்கு அழைத்து, அதுவும் பலிக்காவிட்டால் மாநிலத்தின் குடிமை மற்றும் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். எங்களிடம் ஒரு வெள்ளை வேனுக்காக அது 11 மாதங்கள் நடந்தது.

கவுன்சில் சாலையை எடுத்துக்கொள்ளுமா என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சட்டத்தில் வழி அடைபடவில்லை: அசோசியேஷன் தீர்மானம் நிறைவேற்றி, கவுன்சிலும் இசைந்து, புதிய வரைபடம் பதிவானால் லாட் 1இன் ஒரு பகுதியைப் பொதுச் சாலையாக ஒப்படைக்கலாம். ஆனால் கவுன்சில் தன் அளவுகோலுக்கு உட்பட்ட அகலம், வண்டி திரும்பும் இடம், நடைபாதை, வடிகால் எல்லாம் இருந்தால்தான் பேசவே உட்காரும். உங்கள் குடியிருப்பின் சாலை 5 மீட்டர் அகலம் என்று சொல்கிறீர்கள். அதை அகலப்படுத்த வேண்டுமானால் முன்புறத் தோட்டங்களை இடிக்க வேண்டும், சாலைக்கு அடியில் தொட்டி இருந்தால் அதைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்க வேண்டும். அந்தச் செலவில் அடுத்த 40 ஆண்டுகளுக்கு நீங்களே பராமரித்துவிடலாம். பேரம் பேசும்போது சாலை ஒருநாள் கவுன்சிலுக்குப் போகும் என்ற கணக்கை விட்டுவிட்டு, மூலதனப் பணி நிதியில் உங்கள் 45 பங்குக்கு இன்று இருக்க வேண்டிய தொகைக்கும் இருக்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை விலையில் குறைத்துக் கேளுங்கள். மேலே சொன்ன கணக்கின்படி, 9 ஆண்டுகளில் சாலைக்காக மட்டும் உங்கள் வீட்டின் பெயரில் 4,860 டாலர் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருப்பது, அந்த நிதியில் வேறு எதற்கும் செலவழிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 900 டாலர்.